பறக்கும் பருந்துப் படங்கள் எல்லாம் மசங்கலாக, அடிவயிறு கறுப்பாக வருகின்றன. தப்பு எங்கே?

கரிசல்மண்:

வணக்கம். காமிரா நிக்கான் டி7500, லென்ஸ் நிக்கான் 200-500. சுற்றுவது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு. எப்போதாவது தூத்துக்குடி உப்பளம். பைக்தான், கார் கிடையாது.

கம்பியில் உட்கார்ந்திருக்கும் வல்லூறு, கருந்தோள் பருந்து படங்கள் பரவாயில்லை. பறக்க ஆரம்பித்தால் பத்துக்கு ஒன்பது தேறுவதில்லை. ஃபோகஸ் புள்ளி பறவை மேலேயே இருந்தும் இறகு வரி ஒன்றுகூடப் பிரிந்து தெரியவில்லை. வானத்துக்கு எதிரே எடுத்தால் இறக்கையின் அடிப்பக்கம் கரியாக வருகிறது. பூனைப்பருந்து இன்னும் மோசம், பைக்கை நிறுத்தினாலே திசை மாற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இப்போது வைத்திருக்கும் அமைப்பு: ஏ மோடு (லென்ஸ் துளை அளவு மட்டும் என் கையில், மற்றது காமிரா பொறுப்பு), எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ, ஷட்டர் 1/1000 சுமாருக்கு, ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்), 51 ஃபோகஸ் புள்ளி, விஆர் (கை நடுக்கம் குறைக்கும் வசதி) நார்மல். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருக்கிறது. படம் எடுக்கும் நேரம் காலை எட்டரை முதல் பதினொன்று வரை. தூரம் தோராயமாக 100 முதல் 200 மீட்டர்.

லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவே போட்டு 1.4 மடங்கு பெரிதாக்கும் கன்வெர்ட்டர் வாங்கலாமா, இல்லை லென்ஸை விற்றுவிட்டு வேறு பார்க்கலாமா? சொல்லுங்கள்.

காற்றாலை:

எதையும் விற்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: எட்டரை முதல் பதினொன்று, 150 மீட்டர், கரிசல். இந்த மூன்றும் சேர்ந்தால் ஐந்து லட்ச ரூபாய் லென்ஸும் இதே மசங்கல் படத்தைத்தான் கொடுக்கும். உங்களுக்கும் பறவைக்கும் நடுவே கானல் ஓடுகிறது.

கரிசல் கறுப்பு மண். வெயிலை உறிஞ்சி மேலே இருக்கும் காற்றைச் சீக்கிரம் சூடாக்கிவிடும். நெல் வயலிலோ கண்மாய்த் தண்ணீர் மேலோ ஒன்பதரை வரை தாக்குப்பிடிக்கும். கரிசலில் டிசம்பர் மாதமே எட்டரைக்கு ஆரம்பித்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரிகிற கானல் ரொம்பப் பிந்திய கட்டம். 500 மி.மீ.க்கு அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒன்பது மணிக்கு 150 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மின்கம்பத்தையோ பனையையோ, காமிராவை எதன் மீதாவது அழுத்தமாக வைத்து, 1/2000-இல் தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். கணினியில் 100 விழுக்காடு பெரிதாக்கி வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கம்பத்தின் ஓரம் ஒரு படத்தில் நெளிந்து, அடுத்ததில் நேராகி, மூன்றாவதில் வேறு இடத்தில் நெளிந்தால் காற்றுதான் காரணம். பத்தும் ஒரே அளவு மசங்கலாக இருந்து, கம்பத்துக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் செடி மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் கோளாறு. எல்லாம் ஒரே திசையில் இழுபட்ட மாதிரி இருந்தால் கை அல்லது ஷட்டர் வேகம். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் அமைப்பை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை.

தூரக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள். உங்கள் காமிராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. 500 மி.மீ.யில் 50 மீட்டர் தூரத்தில் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் 2.35 மீட்டர். 100 மீட்டரில் 4.7. 150-இல் 7. சேற்றுப் பூனைப்பருந்தின் இறக்கை விரிப்பு ஏறக்குறைய 1.2 மீட்டர். 5568 பிக்சல் அகலப் படத்தில் 50 மீட்டரில் பறவைக்கு 2800 பிக்சல் கிடைக்கும், 150 மீட்டரில் 950-தான். தலைக்கு எத்தனை, கண்ணுக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். 80 மீட்டருக்கு அப்பால் இருப்பதை அடையாளம் காணவும் பதிவுக்காகவும் எடுக்கலாம். இறகு வரி தெரிய வேண்டுமென்றால் 50-க்குள் வர வேண்டும்.

கன்வெர்ட்டர் போட்டால் கானலும் சேர்ந்தே 1.4 மடங்கு பெரிதாகும். வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது பாதி, போகும். எஃப் 8 ஆகிவிடுவதால் டி7500-இல் நடுப்புள்ளி ஒன்றுதான் ஃபோகஸுக்கு வேலை செய்யும். பறக்கும் பறவையை ஒற்றைப் புள்ளியில் பிடித்து வைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

நேரத்தை மாற்றுங்கள். சூரியன் எழுந்து இருபது நிமிடத்தில் களத்தில் இருக்க வேண்டும், எட்டரைக்கு மூட்டை கட்டிவிடலாம். முந்தின நாள் மழை, மேகமூட்டம், நல்ல காற்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். தார்ச்சாலையைக் குறுக்கே தாண்டியோ, சூடான பைக் எஞ்சின் மேலாகவோ எடுக்காதீர்கள். கானல் மோசமாக இருப்பது தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்துக்குள்தான். அதனால் குப்புறப் படுத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கே எடுப்பது காலை ஏழு மணிக்கு அழகு, பத்து மணிக்கு முட்டாள்தனம். கண்மாய்க்கரை மேல் ஏறி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

அந்த யூவி ஃபில்டரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். 95 மி.மீ. மலிவுக் கண்ணாடி 500-இல் கூர்மையைத் தின்றுவிடும். பாதுகாப்புக்கு ஹுட் போதும்.

பனங்காடை:

காத்தாலை அண்ணன் சொன்னது சரி. காமிரா பக்கத்தை நான் சொல்றேன்.

1/1000 பத்தாது. கணக்கு இதுதான்: பூனைப்பருந்து நொடிக்குப் பத்து மீட்டர் போகுதுன்னு வச்சுக்கோங்க. 1/1000 நொடியில ஒரு சென்டிமீட்டர் நகரும். உங்க காமிராவுல 50 மீட்டர் தூரத்துல ஒரு மில்லிமீட்டருக்கு 2.4 பிக்சல் கிட்ட வரும். ஆக 24 பிக்சல் இழுப்பு. நீங்க பறவையோட சேர்ந்து காமிராவைச் சுத்துறதால அதுல பெரும்பகுதி கழிஞ்சிடும். ஆனா இறக்கை நுனி உடம்பை விட வேகமா அடிக்குது, அதை எந்தச் சுத்தலும் கழிக்காது. வட்டமடிக்கிற பறவைக்கு 1/1600. தாழப் பறக்கிற பூனைப்பருந்துக்கு 1/2500. பாய்ஞ்சு இறங்குற வல்லூறு, தண்ணியில விழுற விராலடிப்பானுக்கு 1/3200. உட்கார்ந்திருக்கிறதுக்கு 1/500 போதும். ஆனா அது எப்பக் கிளம்பும்னு தெரியாது, அதனால ரெண்டு மூணு படம் எடுத்ததும் 1/2500-க்கு ஏத்தி வச்சுட்டுக் காத்திருங்க.

ஏ மோடை விட்டுடுங்க. அடிவயிறு கறுப்பா வர்றதுக்குப் பாதிக் காரணம் அதுதான். சட்டத்துல முக்கால்வாசி வெள்ளை வானம், அதைப் பாத்துட்டுக் காமிரா இருட்டாக்குது. அதே பறவை பனங்கூட்டத்துக்கு முன்னால வந்தா இப்ப வெளிச்சமாக்குது. பறவை மேல விழுற வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறுச்சு. அதனால வெயில் ஒரே சீரா இருந்தா முழு மேனுவல், ஐஎஸ்ஓவும் கையில. வெயில் விழுற காஞ்ச புல்லைப் பார்த்து மீட்டரை நடுவுல நிறுத்துங்க, அப்புறம் அதைத் தொடாதீங்க. சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் ஆன தெளிவான காலைக்கு 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 640-ல தொடங்கலாம். 1/2500-க்கு 800. வெயில் ஏற ஏற ஐஎஸ்ஓவை இறக்குங்க. ஊர்ப்பருந்து மாதிரி கருத்த பறவைக்கு இதுக்கு மேல மூணுல ரெண்டு ஸ்டாப் கூட்டணும். செம்பருந்தோட தலை, கருந்தோள் பருந்தோட மார்பு, விராலடிப்பான் வயிறு, இதெல்லாம் வெள்ளை. அங்க மூணுல ரெண்டு குறைக்கணும். குறைக்கலேன்னா வெள்ளை வெந்து போயிடும், ரா கோப்புல கூட மீட்க முடியாது.

மேகம் வந்து போய்ட்டு இருக்கிற நாள்ல மட்டும் மேனுவலோட ஆட்டோ ஐஎஸ்ஓ. மேல் வரம்பு 3200. வானத்துக்கு எதிரே போகும்போது காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) +1 முதல் +1.7 வரை ஏத்துங்க. வானம் வெளுத்துப் போகட்டும், அதைப் பத்தி ஆரும் கவலைப்படப் போறதில்லை. குறைவா எடுத்துட்டுக் கணினியில ரெண்டு ஸ்டாப் தூக்குனா அடி இறக்கை பூரா மணல் மாதிரி இரைச்சல் வரும்.

51 புள்ளி வேண்டாம். வெறும் வானத்துக்குக் குரூப் ஏரியா (சில புள்ளிங்க சேர்ந்து ஒண்ணா வேலை செய்றது) நல்லா ஒட்டும். ஆனா அது கிட்டத்துல எது இருக்கோ அதைப் பிடிக்கிற பழக்கம் உள்ளது. வயல்ல முன்னால நிக்கிற புல் கதிரைப் பிடிச்சுட்டுப் பறவையை விட்டுடும். தாழப் பறக்கிறதுக்கு 9 புள்ளி டைனமிக். லாக்-ஆன் அமைப்பை (குறுக்கே ஏதாவது வந்தா ஃபோகஸ் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கணும்ங்கிறது) வயல்வெளியில 4 அல்லது 5, வெறும் வானத்துல 2 அல்லது 3. லென்ஸ்ல ஃபோகஸ் லிமிட்டரை 6 மீட்டர் முதல் முடிவிலி வரைங்கிற பக்கம் தள்ளிடுங்க. அதைத் தள்ளாம விட்டா ஒருதடவை தவறுனதும் லென்ஸ் கிட்டக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வரும், அதுக்குள்ள பருந்து அடுத்த ஊருக்குப் போயிடும்.

டி7500-ல தனி ஏஎஃப்-ஆன் பொத்தான் இல்லை. ஏஇ-எல் பொத்தானை ஏஎஃப்-ஆனா மாத்திக்கோங்க. பெருவிரல் ஃபோகஸ், ஆள்காட்டி விரல் கிளிக். பறவை ஒரு மரத்துக்குப் பின்னால போகும்போது பெருவிரலை எடுத்துட்டா ஃபோகஸ் அங்கேயே நிக்கும், வெளிய வந்ததும் திரும்ப அழுத்தலாம்.

விஆர்: 1/1000-க்கு மேல அணைச்சுடுங்க, இல்லேன்னா ஸ்போர்ட். நார்மல்ல வச்சுட்டு வேகமாச் சுத்துனா அது உங்க கையோட சண்டை போடும்.

அப்புறம் பறவையே வியூஃபைண்டர்ல மாட்ட மாட்டேங்குதுன்னா, ஃபோகஸ் எங்கேயோ பக்கத்துல கிடக்குதுன்னு அர்த்தம். ரொம்ப ஃபோகஸ் கலைஞ்சிருந்தா பறவை கண்ணுக்கே தெரியாது. பறவை வரப்போற தூரத்துல இருக்கிற மரத்துல முன்கூட்டியே ஃபோகஸ் பண்ணி வைங்க, 300-ல தேடிப் பிடிச்சு அப்புறம் 500-க்கு இழுங்க. கறிக்கடை, மீன் சந்தைக்கு மேல சுத்துற ஊர்ப்பருந்து போதும் இந்தப் பழக்கத்துக்கு. ஒரு வாரம் காலையில அரை மணி நேரம்.

கரிசல்மண்:

இருவருக்கும் நன்றி. கம்பத்துச் சோதனை செய்து பார்த்தேன். ஒன்பதே கால் மணிக்குப் பத்துப் படமும் பத்து விதம், கம்பம் பாம்பு மாதிரி நெளிகிறது. ஏழு மணிக்கு எடுத்த பத்தும் ஒன்றுபோல இருக்கின்றன, ஆனால் கம்பம் கொஞ்சம் மசங்கல், அதற்கு முன்னால் நாலைந்து மீட்டரில் இருக்கும் சீமைக்கருவேலம் கூர்மை. அப்படியானால் இரண்டும் இருக்கிறதா?

விஆர் அணைத்தால் வியூஃபைண்டர் ரொம்ப ஆடுகிறது, பறவையைப் பிடிக்கவே முடியவில்லை. இன்னொன்று: எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பூனைப்பருந்து பெரும்பாலும் வாலைக் காட்டிக்கொண்டுதான் போகிறது.

உப்பளத்தார்:

எங்கே நிற்பது என்பதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெயிலும் காற்றும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். வெயில் எல்லோருக்கும் தெரியும், காற்றை மறந்துவிடுகிறார்கள்.

பருந்து இனம் கிளம்புவதும் இறங்குவதும் அந்தரத்தில் நிற்பதும் காற்றை எதிர்த்துத்தான். கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் இறக்கை அடித்து நிற்கும்போது அதன் முகம் காற்று வரும் திசையில் இருக்கும். காற்று உங்கள் முதுகில் அடித்தால் அது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். முகத்தில் அடித்தால் வால்தான் கிடைக்கும்.

பூனைப்பருந்து நம் பக்கம் இருப்பது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் பெரும்பாலும் வாடை, வடகிழக்கிலிருந்து. காலை வெயில் கிழக்கிலும் தென்கிழக்கிலும். ஆகவே வயலின் கிழக்கு ஓரத்தில் நின்று மேற்கே பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். மாலையில் வெயில் மேற்கே போய்விடும், காற்று அப்படியே இருக்கும், இரண்டும் எதிரும் புதிருமாகும். மாலையில் பக்கவாட்டுப் படங்களோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது இது தலைகீழ்: மாலைதான் நல்ல நேரம், மேற்கு ஓரத்தில் நின்று கிழக்கே பார்க்க வேண்டும். அப்போது பூனைப்பருந்து இருக்காது, கருந்தோள் பருந்து இருக்கும். மேல்காற்றில் அது நிமிடக்கணக்கில் அந்தரத்தில் தொங்கும். பறக்கும் படம் பழக அதைவிட நல்ல பறவை கிடையாது.

காற்றுத் திசை பார்க்கக் கைக்குட்டை வேண்டாம். கயத்தாறு பக்கம் போகிறவர்களுக்கு எத்தனை காற்றாலை நிற்கிறது! விசிறி எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. விசிறி முதுகு காட்டும் பக்கம் பருந்து இருக்கும்படி இடம் பிடியுங்கள்.

அடிவயிறு கறுப்பு: பனங்காடை சொன்னது பாதி. மீதிப் பாதி தரை. இறக்கையின் அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் கீழிருந்துதான் போகிறது. கரிசல் தரை அதைத் திருப்பி அனுப்பாது, ஆழமான கண்மாய்த் தண்ணீரும் அனுப்பாது. அறுப்பு முடிந்த வைக்கோல் தாள், தேரி மணல், உப்புப் பாத்தி எல்லாம் அனுப்பும். உப்புக் குவியலுக்கு மேல் பறக்கும் செம்பருந்தின் அடி இறக்கை பத்து மணிக்குக் கூட உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி தெரியும். ஆகவே வெயில் ஏறிய பிறகும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கரிசலை விட்டு உப்பளத்துக்கு வாருங்கள். உப்பளம் தனியார் இடம், காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும்.

வட்டமடிக்கும் பறவையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. திரும்பும்போது அது வட்டத்தின் நடுப்பக்கம் முதுகைச் சாய்க்கும். வட்டத்தில் உங்களுக்குக் கிட்டத்துப் பாதியில் இருக்கும்போது அடிப்பக்கம் உங்களை நோக்கித் திரும்பும், உங்கள் முதுகுப்புற வெயில் நேராக அதில் விழும். தூரத்துப் பாதியில் இருக்கும்போது முதுகு தெரியும். பத்து வட்டத்துக்கும் அழுத்திக்கொண்டே இருக்காமல், எது வேண்டுமோ அந்தப் பாதிக்கு மட்டும் நாலைந்து படம் போதும். கழுகும் பாறும் (பிணந்தின்னிக் கழுகு) தரை சூடேறியதும் எழும்பும். முதல் மூன்று நான்கு வட்டம்தான் தாழ்வாக இருக்கும், அதற்கப்புறம் புள்ளி.

இனிப் பூனைப்பருந்து. நீங்கள் அதை நோக்கிப் போகிறீர்கள். அது வேலைக்காகாது. அதற்கு ஒரு பாதை உண்டு: வரப்போரம், ஓடையோரம், மக்காச்சோளமும் உளுந்தும் சந்திக்கிற எல்லை, பருத்திக் காட்டின் விளிம்பு. தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே வரும், காட்டின் கோடியில் திரும்பும். ஒரு காலை முழுக்க காமிராவைத் தொடாமல் பைனாகுலரில் பாருங்கள். மறுநாள் அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில் 30, 40 மீட்டர் தள்ளி, அது வருவதற்கு அரை மணி முன்னாலேயே போய் உட்காருங்கள். பைக்கைத் தனியாக நிறுத்திவிட்டு, உடைமரத்தையோ கருவேலத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்து, அதன் நிழலில். மரத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் உங்கள் உருவம் மரத்தோடு கரைந்துவிடும். பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தால் தலை அசைவு காட்டிக்கொடுக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வையுங்கள், அதன் கண்ணாடி மினுங்கும்.

விவசாயி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பக்கத்தில் போனால் அசையாத பறவை, நீங்கள் நிறுத்தியதும் ஏன் பறக்கிறது? விவசாயி நிற்பதில்லை, உற்றுப் பார்ப்பதில்லை. பைக் தாண்டிப் போவதை அது சகித்துக்கொள்ளும். வேகம் குறைவதைத்தான் சந்தேகிக்கும்.

பனங்காடை:

தம்பி, விஆர் அணைச்சா ஆடுதுன்னா ஸ்போர்ட்ல வைங்க, அதுக்குத்தான் அது இருக்கு. 2.3 கிலோ லென்ஸ், கை ஆடத்தான் செய்யும். இடது கையை லென்ஸ் ஹுட் பக்கமா நீட்டிப் பிடிங்க, முழங்கை விலாவுல ஒட்டட்டும், இடுப்புல இருந்து சுத்துங்க. மோனோபாட் உட்கார்ந்த பறவைக்குச் சரி. தலைக்கு மேல வர்றதுக்கு அது இடைஞ்சல்.

பைக் சீட்ல வச்சு எடுக்க ஒரு பை தைச்சுக்கோங்க. பழைய ஜீன்ஸ் கால் ஒண்ணு, ரெண்டு கிலோ கொண்டைக்கடலை, ரெண்டு பக்கமும் தையல், முக்கால் அளவுக்கு மேல நிரப்பக் கூடாது. மணல் போட்டா தூசி கசிஞ்சு ஜூம் வளையத்துல ஏறும். அரிசியில வண்டு வரும்.

உட்கார்ந்த பறவை கிளம்புறதுக்கு முன்னால சொல்லிட்டுத்தான் கிளம்பும். எச்சம் போடும், காத்துப் பக்கம் திரும்பும், முன்னால குனியும். எச்சம் போட்டதும் விரலை அழுத்த ஆரம்பிச்சுட்டா முதல் இறக்கை விரிப்பு கிடைக்கும். ஆனா இறகு கோதுறதை நிறுத்தி, உடம்பு ஒட்டி ஒல்லியாகி, கழுத்தை நீட்டித் தலையை மேலயும் கீழயும் ஆட்டுனா அது வேற. அது உங்களால. ரெண்டு அடி பின்வாங்கி உட்கார்ந்துடுங்க. ஒருதடவை கலைஞ்சு போனதைத் துரத்தாதீங்க, அன்னைக்கு அதுக்கு நீங்கதான் எதிரி.

சுள்ளான்:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? கோழிக்கடைக் கழிவு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து வெட்டவெளியில போட்டா பருந்து இருபது மீட்டர்ல இறங்கும். ஒரு நாள்ல நூறு படம். அப்புறம் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி மலையில லகர் வல்லூறு கூடு இருக்குன்னு சொல்றாங்க, மேல ஏறிப் போனா கண்மட்டத்துல கிடைக்குமாம். யாராச்சும் இடம் சொல்லுங்க.

காற்றாலை:

இடம் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தத் திரியில் யாரேனும் சொன்னாலும் நீக்கப்படும்.

அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரு காரணமே அங்கிருக்கும் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி ஆகிய மூன்றும்தான். பாறையில் கூடு கட்டும் இந்த இனங்கள் முட்டையும் குஞ்சுமாக இருப்பது பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அதாவது நாம் காமிராவோடு திரியும் அதே மாதங்கள். மேலேயிருந்து ஆள் தலை தெரிந்தால் தாய் கூட்டை விட்டு எழும். பாறை வெயிலில் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் அதிக நேரம் தாங்காது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது வேட்டை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகிறது. கையில் துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்றில்லை. கீழே ஊர்ப் பாதையில் நின்று, காலையில் பாறை விளிம்பிலிருந்து கிளம்பிப் போவதை எடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

கழிவு போடுவது: இறங்கி வருவது ஊர்ப்பருந்தும் நாயும்தான். பூனைப்பருந்தோ பாம்புக்கழுகோ வராது. கிடைக்கும் நூறு படத்திலும் கால் நகத்தில் குடல் தொங்கும், தலை குனிந்தே இருக்கும். அதைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். உயிருள்ள எலியைக் கட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதவே அருவருப்பாக இருக்கிறது. இன்னொன்று, பறவை சாலையோரத்தில் இறங்கப் பழகினால் வண்டியில் அடிபடும்.

உப்பளத்தார்:

பூனைப்பருந்து கூட்டமாக அடையும் புல்வெளிக்கும் இதே கதைதான். சூரியன் மறைவதற்குச் சற்று முன் ஒவ்வொன்றாக வந்து தரையில் புல்லுக்குள் இறங்கும். அந்த நேரம் ஒருவர் குறுக்கே நடந்தால் மொத்தமும் எழும்பி இருட்டில் வேறு இடம் தேடும். தரையில் தூங்கும் பறவைக்குக் குள்ளநரி, நாய் ஆபத்து. சாலையிலேயே நின்று அது உள்ளே போகும் திசையை எழுதிக்கொண்டால் போதும், காலையில் அந்தத் திசையிலிருந்துதான் வெளியே வரும். படத்தை இணையத்தில் ஏற்றும்போது தாலுகா பெயரோடு நிறுத்துங்கள். கைப்பேசியில் இருப்பிடப் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் படத்துக்குள் அந்தப் புள்ளி ஒளிந்திருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள்.

படத்தைக் கொண்டு இனம் பிரிக்க விரும்பினால் ஒரு வேண்டுகோள். அழகான முகம் கிடைத்தால் மட்டும் போதாது, இறக்கை முழுதாக விரிந்த அடிப்பக்கப் படம் ஒன்று மசங்கலாக இருந்தாலும் அழித்துவிடாதீர்கள். நுனியில் விரல் மாதிரி பிரிந்து தெரியும் இறகுகளை எண்ண வேண்டும். சேற்றுப் பூனைப்பருந்துக்கு ஐந்து, மாண்டேகு, வெளிர் பூனைப்பருந்து இரண்டுக்கும் நான்கு. பெட்டைகளில் நிறம் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது.

கரிசல்மண்:

சரி, கூட்டுப் பக்கமே போகவில்லை. அந்த ஏழு மணிச் சோதனைக்கு மட்டும் பதில் வரவில்லை. முன்னால் இருந்த செடி கூர்மை என்றால் லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா?

காற்றாலை:

கொடுக்க வேண்டாம். ஃபோகஸ் பறவைக்கு முன்னால் விழுகிறது, அவ்வளவுதான். டி7500-இல் அதை முன்பின் திருத்திக்கொள்ள ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்ற வசதி இருக்கிறது. இவ்வளவு நாளும் கானல் இந்தப் பிசகை மூடி மறைத்திருக்கிறது. 500 மி.மீ., எஃப் 6.3-இல் 50 மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தம் இரண்டரை மீட்டர். 15 மீட்டரில் வெறும் 23 சென்டிமீட்டர். 150 மீட்டரில் இருபது மீட்டருக்கு மேல் இருக்க வேண்டியது, அங்கேயே நாலைந்து மீட்டர் முன்னால் உள்ள செடி கம்பத்தைவிடக் கூர்மையாகத் தெரிகிறது என்றால் பிசகு சின்னதல்ல.

விடிந்ததும் செய்யுங்கள், காற்று அசையக் கூடாது. ட்ரைபாட், விஆர் அணைத்து, 500 மி.மீ., எஃப் 5.6, நடுப்புள்ளி மட்டும். 15 மீட்டரில் சுவரில் தினக்காலண்டர் அட்டை, அதன் பக்கத்தில் சாய்வாக ஒரு மரச்சட்டம் அல்லது அளவுகோல். முதலில் லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு படம், அதுதான் உங்கள் லென்ஸ் கொடுக்கக்கூடிய உச்சம். பிறகு வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய இடத்திலேயே நின்றுகொண்டு ஏமாற்றும். முன்னால் விழுந்தால் மதிப்பைக் கூட்டல் பக்கம் ஏற்றுங்கள், கூட்டல் என்றால் ஃபோகஸ் தள்ளிப் போகும். +5, +10 என்று ஐந்தைந்தாகப் போய், இரண்டுக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் சுருக்குங்கள். காமிராவே தானாகக் கணக்கிடும் வசதியும் உண்டு, ஆனால் ஒருதடவை +3, அடுத்த தடவை +9 என்று சொல்லும். ஐந்தாறு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

ஒரு லென்ஸுக்கு ஒரே மதிப்புதான் பதிவாகும். 500-இல் சரியாக இருந்து 200-இல் கொஞ்சம் தவறினால் விட்டுவிடுங்கள், பருந்துக்கு 200 எப்போது பயன்படப் போகிறது? கடைசியில் 50 மீட்டரில் ஒருதடவை சரிபாருங்கள். +20 வரை ஏற்றியும் முன்னாலேயே விழுந்தால் அப்போது காமிராவையும் லென்ஸையும் சேர்த்தே சர்வீஸுக்குக் கொடுங்கள், லென்ஸை மட்டும் கொடுத்தால் அவர்கள் கடைக் காமிராவில் சரிபார்த்துவிட்டு "குறையில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்.